பஸ் காசு இருந்தால் போதும், பெங்களூர் பார்க்கலாம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெங்களூருக்குப் போகாத குடும்பம் அநேகமாக இருக்காது. கட்டட வேலைக்குப் போகிறோம். ஓசூர் தாண்டிப் பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போகிறோம். நிமான்ஸ், கித்வாய், ஜெயதேவா என்று ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறோம். தக்காளியும் பூவும் மாங்காயும் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறோம். வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறோம். வருஷக்கணக்கில் அங்கேயே சென்ட்ரிங் வேலை பார்க்கிறவரைக் கேட்டாலும், "ஊரை எங்க சார் சுத்திப் பார்த்தேன், சைட்டு விட்டா ரூமு, ரூமு விட்டா சைட்டு" என்கிறார். அவர் கட்டிய ஊர் அது. அவருடைய பிள்ளைகளுக்கு அதில் காட்ட ஒன்றுமே இல்லையா?

"அங்கே கால் வைத்தாலே காசு" என்று ஒரு பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மாலுக்கும் தீம் பார்க்குக்கும் அது சரி. ஆனால் அந்த ஊரின் நல்ல இடங்களில் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. பூங்கா, நூலகம், ஏரிக்கரை, பழைய கோட்டை, கல்வெட்டு உள்ள கோயில், அறிவியல் கூடம் எல்லாம் பொதுச் சொத்து. செருப்புத் தேய்ந்தவரையும் காரில் வந்தவரையும் அங்கே ஒரே வாசல்தான் உள்ளே விடுகிறது. வாசலில் காவலாளி நிற்பதைப் பார்த்து நாமாகவே தயங்கித் திரும்பிவிடுகிறோம். அந்தத் தயக்கத்தை விடச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

போக்குவரத்தை முதலில் முடித்துவிடுவோம். தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. பாசஞ்சர் ரயிலில் போனால் பஸ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, பஸ்தான். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவில் இருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்துவிட்டார்கள். நம் பஸ்கள் எல்லாம் பொம்மசந்திராவைக் கடந்துதான் போகின்றன. அங்கேயே இறங்கி மெட்ரோ ஏறினால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல் ஊருக்குள் போய்விடலாம். நாள் முழுக்கச் சுற்றுவதாக இருந்தால் டவுன் பஸ்ஸில் ஒரு நாள் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பெண்கள் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் பெண்களுக்கான இலவச பஸ் அந்த மாநிலத்து முகவரி உள்ளவர்களுக்குத்தான். நம் ஆதார் அங்கே செல்லாது, டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

விடிவதற்கு முன்பே போய்ச் சேர முடிந்தால் முதலில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போங்கள். நாலு மணிக்கெல்லாம் அங்கே வியாபாரம் உச்சத்தில் இருக்கும். தரையே தெரியாமல் மஞ்சள் சாமந்தி ஒரு குவியல், வெள்ளைச் சாமந்தி ஒரு குவியல், செண்டுமல்லி ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சாக்குச் சாக்காக. ஈரச் சாக்கைப் பிரித்ததும் எழும் வாசனையில் பாதி பூ, பாதி மண். தலையில் மூட்டையோடு வருகிறவர் குரல் கொடுப்பார், நாம்தான் ஒதுங்க வேண்டும். அங்கே மாடிப் படிக்கட்டு இருக்கிறது. மேலே ஏறி நின்று கீழே பாருங்கள். பெரிய கேமராவோடு வெளிநாட்டுக்காரர்கள் அந்த இடத்துக்காகக் காத்து நிற்பார்கள். அவர்கள் படம் பிடிக்கிற பூவில் நம் ராயக்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பூவும் இருக்கும். தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிற அம்மாவின் பிள்ளைக்கு அதைக் காட்ட வேண்டும். உன் அம்மா பறித்த பூ எங்கே வந்து, என்ன விலைக்குப் போகிறது என்று அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும்.

இந்த மார்க்கெட் பகுதியில் இன்னொரு கதையும் உண்டு. பெங்களூருக்கு மின்விளக்கு முதலில் வந்தது இந்தப் பகுதிக்குத்தான், 1905-இல். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, 1902-இல் முதலில் கோலார் தங்கவயலுக்குக் கொடுத்தார்கள், பிறகு பெங்களூருக்கு. அங்கே சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர்தான் கீழே இறங்கி நம் ஒகேனக்கல்லுக்கு வருகிறது.

மார்க்கெட்டை ஒட்டியே பழைய கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1537 வாக்கில் இந்தப் பகுதியை ஆண்ட கெம்பே கவுடா மண்ணால் கட்டியது, பிறகு ஹைதர் அலி கல்லால் எடுத்துக் கட்டினார். இன்று ஒரு வாசலும் கொஞ்சம் மதிலும்தான் மிச்சம். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் மதிலின் வெளிப்பக்கம் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், அதைத் தேடிப் பாருங்கள். 1791 மார்ச் 21-ஆம் தேதி ஆங்கிலேயப் படை உடைத்துக்கொண்டு நுழைந்த இடம் அது என்று சொல்கிறது. அந்தப் போர் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் முடிந்தபோது திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாரமகால். அதாவது நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சுவரைக் காட்டினால், பாடப் புத்தகத்தில் இருக்கிற மைசூர்ப் போர் சட்டென்று தங்கள் ஊர் விஷயமாகிவிடும்.

கப்பன் பூங்காவை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1870-இல் உண்டான பூங்கா, உள்ளே போகக் கட்டணம் இல்லை, மெட்ரோ நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டிகளை விடுவதில்லை, சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். சனிக்கிழமை காலையில் போனால், முன்பின் தெரியாத பலர் மரத்தடியில் பாய் விரித்து ஆளுக்கொரு புத்தகத்தோடு பேசாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒரு புத்தகத்தோடு போய் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பூங்காவுக்குள்ளேயே சிவப்பு நிறத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது, மாநில மைய நூலகம். அந்தக் கட்டடம் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுப்பியது. சிவசமுத்திரம் மின் திட்டத்தைக் கொண்டுவர முன்னின்றவர் அவர்தான். பூங்காவை விட்டு வெளியே வந்தால் எதிரே விதான சௌதா, கர்நாடகச் சட்டசபை. 1951-இல் அடிக்கல் நாட்டி 1956-இல் முடித்த கட்டடம். முழுக்கக் கல். கிருஷ்ணகிரியில் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் அந்தத் தூண்களைப் பார்த்தால், மற்றவர்களுக்குத் தெரியாத பத்து விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

லால்பாக்கில் டிக்கெட் உண்டு, அதனால் இன்று அதை விட்டுவிடுகிறேன்.

சுற்றுலாப் பட்டியல்களில் அதிகம் வராத இரண்டு இடங்களை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று பேகூர். ஓசூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற பழைய கிராமம், இப்போது ஊரோடு ஒட்டிவிட்டது. அங்கே நாகேஸ்வரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சுமார் 890-ஐச் சேர்ந்தது, பழங்கன்னடத்தில் வெட்டியது. பெங்களூரில் நடந்த ஒரு சண்டையையும் அதில் இறந்தவனையும் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயர் கல்லில் முதன்முதலாகக் கிடைப்பது அதில்தான். அந்தக் கல் ஒரு நடுகல். நடுகல் நமக்குப் புதிதா? நம் மாவட்டங்களில் வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளிய மரத்தடியில் நடுகல் நிற்கிறது, பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்ட அதே வழக்கம்தான் அந்தப் பெரிய நகரத்தின் பெயரையும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த ஒன்றைப் பார்க்கவே ஒரு முறை போகலாம்.

இன்னொன்று தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயில். இந்திரா நகருக்குப் பக்கம். அந்தக் கோயில் கல்லில் இருப்பது தமிழ்க் கல்வெட்டு. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஊர்ப்பெயர் வருகிறது. எழுத்து பழைய வடிவம், முழுதாகப் படிப்பது கஷ்டம். ஆனாலும் கொஞ்ச நேரம் விரலால் தொடர்ந்து பார்த்தால் ஒரு 'ட', ஒரு 'ப', ஒரு 'ன' என்று பிடிபட ஆரம்பிக்கும். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு, பூஜை நேரம் தவிர்த்துப் பாருங்கள். அங்கிருந்து அல்சூர் ஏரி தூரமில்லை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதற்கு இணையாகச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு அந்தச் சிலையின் முன்னால் நிற்கும்போது மனசு நிறையத்தான் செய்யும்.

இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன், இதை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள், வருஷத்தில் ஒரு நாள் தன் வாசலை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் வரும், தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கட்டணம் இல்லை. ஆராய்ச்சிக் கூடங்களுக்குள்ளேயே போகலாம். யஸ்வந்த்பூருக்குப் பக்கம்தான், தர்மபுரி வழியாகப் போகிற யஸ்வந்த்பூர் ரயிலிலேயே போய் இறங்கலாம். நான் மாணவர்களோடு போனபோது ஒரு மேஜையில் திரவ நைட்ரஜன் வைத்திருந்தார்கள், மைனஸ் 196 டிகிரி. ஒரு செம்பருத்தியை அதில் முக்கி எடுத்துத் தட்டினார்கள், சில்லுச் சில்லாக உதிர்ந்தது. எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி முன்னால் போய், "தண்டு ஏன் உடையலை?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த ஆராய்ச்சி மாணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தமிழிலேயே, இதழ் மெல்லிசு, தண்டு தடிமன், குளிர் உள்ளே இறங்க நேரமாகும் என்று விளக்கிவிட்டு, தண்டை இன்னும் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து அவள் கையாலேயே தட்டச் சொன்னார், கையுறை மாட்டி. அவள் முகத்தை நான் மறக்கவில்லை. தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன், வருஷம் ஒரு பஸ் ஏற்பாடு செய்யுங்கள். மற்ற நாட்களில் போகிறவர்களுக்கு, பெல்லாரி ரோட்டில் 2024-இல் திறந்த சயன்ஸ் கேலரி இருக்கிறது. அங்கேயும் அனுமதி இலவசம், கண்காட்சியைப் பக்கத்தில் நின்று விளக்க இளைஞர்கள் இருக்கிறார்கள்.

கன்னட மாதக் கணக்கில் கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா. பெரிய நந்தி கோயில் தெரு முழுக்க நிலக்கடலைதான், பச்சையும் வறுத்ததுமாக. பார்ப்பதற்குக் காசில்லை, படியளந்து வாங்குவது உங்கள் விருப்பம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்ரகலா பரிஷத் இருக்கிற தெருவை அடைத்து ஓவியச் சந்தை நடத்துகிறார்கள். நாள் முழுக்க நடந்து நடந்து படம் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு நம் வழக்கமான புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும் போதும். பூங்காவுக்குள் பொட்டலம் பிரிப்பதற்கு முன் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிக்கொண்டு போக முடியாதவர்களுக்கு இந்திரா கேன்டீன் இருக்கிறது, காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய்.

சென்னை போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெரினாவைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைச் சொல்ல வேண்டும். 2010-இல் திறந்தது, ஒன்பது மாடி. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, வீட்டில் இருந்து கொண்டுபோன புத்தகத்தைப் படிக்கத் தனி இடம், பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் பிரிவு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் சென்னையில் தங்கினால் அங்கே போய் உட்காரட்டும். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, வாசலில் தயங்காமல் உள்ளே போய் உட்காரலாம். அங்கே சாதாரணக் கட்டண பஸ்ஸில் நம் பெண்களுக்கும் பயணம் இலவசம்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாரக்கணக்கில் வராந்தாவில் படுத்துக் கிடக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். நோயாளி தூங்குகிற நேரத்தில், பக்கத்துப் படுக்கைத் துணையாளிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் வெளியே வாருங்கள். கப்பன் பூங்காவில் ஒரு மூங்கில் புதருக்கு அருகில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம். உடம்பு தாங்கினால்தான் துணையிருக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் இருட்டும் வரை காத்திருங்கள். அன்று சாயங்காலம் விதான சௌதா முழுக்க விளக்குப் போடுவார்கள். பார்த்துவிட்டுச் சாந்தி நகர் வந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பஸ்கள் நிற்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்களில் பலவும் மூடியிருக்கும், அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.