வயித்தைப் பாத்து ஆட்டை எடை போடாதீங்க, இடுப்புல கை வைங்க

வணக்கம் நண்பர்களே. இந்த மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டையைப் பாருங்க. மேய்ஞ்சு தண்ணி குடிச்சு வந்திருக்கு, வயிறு புடைச்சிருக்கு. தூரத்துல நின்னு பாத்தா தேறின ஆடுதான். ஆனா வயித்துல இருக்கறது புல்லும் தண்ணியும். சதை, கொழுப்பு எவ்வளவுன்னு இடுப்புதான் சொல்லும். அதைத் தடவிப் பாத்து ஆட்டோட உடல்நிலைக்கு ஒரு மார்க் போடலாம்.

ஆட்டைச் சமதரையில, நாலு காலும் ஊனி நிக்க விடுங்க. மூலையில நெருக்கிப் பிடிச்சா சதையை இறுக்கிக்கும், மார்க் தப்பாகும். கடைசி விலா எலும்புக்குப் பின்னாடி, கட்டைவிரல் முதுகுத்தண்டு மேல, மத்த விரல்கள் முதுகெலும்புல இருந்து பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கற எலும்போட நுனிக்குக் கீழ. இப்ப அழுத்துங்க.

மார்க் 1ல இருந்து 5 வரைக்கும், நடுவுல அரை மார்க்கும் உண்டு. 1ன்னா முதுகெலும்பு மடக்குன முஷ்டியோட முட்டி மாதிரி குத்தும். 5ன்னா எலும்பே தட்டாது, நடுமுதுகுல பள்ளம் விழும். நமக்கு முக்கியம் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம். லேசா அழுத்தினதுமே விரல் நுனி எலும்புக்கு அடியில போகுதா? அது 2. நல்லா அழுத்தினாத்தான் நுனியே தட்டுப்படுதா? 3. இந்தப் பெட்டைக்கு... ம், 2தான்.

கிடா சேர்க்கும்போது இரண்டரைல இருந்து 3 இருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா பருவத்துக்கு வர்றதும் குறையும், சினை பிடிக்கறதும் குறையும். ஒரு மார்க் ஏற 6லிருந்து 8 வாரம் ஆகும். அதனால கிடா விடறதுக்கு 2 மாசம் முன்னாடியே தடவிப் பாத்துடுங்க. மெலிஞ்சதைத் தனியாப் பிரிச்சு, கிடா விடறதுக்கு முந்தின 3 வாரம் தினம் 200, 250 கிராம் அடர் தீவனம் (தானியம், புண்ணாக்கு கலந்த தீனி). முதல் நாளே முழுசா கொட்டினா வயித்துல புளிப்பேறி ஆடு படுத்துக்கும். 50 கிராம்ல ஆரம்பிச்சு ஒரு வாரத்துல ஏத்துங்க. ஏற்கெனவே மூன்றரை இருக்கற ஆட்டுக்கு இது வீண் செலவு. தீனி போட்டும் ஏறலையா? பல்லு தேஞ்சிருக்கான்னு பாருங்க, கீழ் இமையைத் திருப்பிப் பாருங்க. இமை வெளிறியிருந்தா பெரும்பாலும் குடற்புழுதான்.

அடுத்து, சினை 3 மாசம் ஆனதும் ஒரு தடவை. குட்டி வளர்ச்சியில பெரும்பங்கு கடைசி 6 வாரத்துலதான். அப்ப தாய் மெலிஞ்சிருந்தா சீம்பால் குறையும், குட்டி எடையில்லாம பிறக்கும். ரொம்பக் கொழுத்திருந்தாலும், இரட்டைக்குட்டி சுமந்தாலும் சினைநச்சு (சினையோட கடைசியில தீனி பத்தாம உடம்புக் கொழுப்பு கரைஞ்சு வர்ற நோய்) வரலாம். கொழுத்திருக்குன்னு அந்த நேரத்துல மட்டும் தீனியைக் குறைச்சுடாதீங்க, ஆடே போயிடும்.

குட்டியைப் பால் மறக்கடிக்கும்போது 2க்குக் கீழ இறங்கின தாயைக் கலர் போட்டுக் குறிச்சு வச்சுக்கோங்க. அடுத்த சினைக்குள்ள தேத்த வேண்டியது அதுங்கதான். கிடாவையும் விட்றாதீங்க. இனச்சேர்க்கைக் காலத்துல சரியா மேயாது, அதனால 3, மூன்றரையோட உள்ள விடுங்க.