கூனைப்பூவை உரிக்கத் தெரிந்தால் போதும்

வணக்கம் நேயர்களே. 1604ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ரோம் நகரத்தில் ஓர் உணவு விடுதி. ஓவியர் கரவாஜ்ஜோ சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுபவர் ஒரு தட்டில் எட்டு கூனைப்பூக்களைக் கொண்டுவந்து வைக்கிறார். நான்கு வெண்ணெயில் வெந்தவை, நான்கு எண்ணெயில் வெந்தவை. எது வெண்ணெய், எது எண்ணெய் என்று ஓவியர் கேட்கிறார். முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், தட்டு பறந்துபோய் அந்த ஆளின் கன்னத்தில் விழுந்தது. அவர் கொடுத்த புகார் ரோமின் பழைய வழக்கு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

தட்டை வீசியது தப்புதான். ஆனால் கேள்வியில் தப்பில்லை. கூனைப்பூவுக்கு எண்ணெயா வெண்ணெயா என்பது ரோமில் கேட்க வேண்டிய கேள்விதான். என்னைக் கேட்டால் ஆலிவ் எண்ணெய் என்பேன்.

கூனைப்பூ என்றால் என்ன என்று சிலர் யோசிக்கலாம். பேச்சில் ஆர்ட்டிசோக் என்கிறோம், இத்தாலியில் கார்ச்சோஃபோ. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்செடியின் மொட்டு அது. பறிக்காமல் விட்டால் ஊதா நிறத்தில் பூத்துவிடும். வானொலியில் படம் காட்ட முடியாது. கைப்பிடி அளவு பச்சை மொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில் அடுக்கியதுபோல் தடித்த இதழ்கள், கீழே நீளமான தண்டு, இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் தடவை சமைத்தபோது, இத்தனை இதழையும் வீசுவதா என்று மனசு கேட்கவில்லை. மேலாக நாலைந்தை மட்டும் உரித்துவிட்டு ஸ்பகெட்டி பாஸ்தாவில் கலந்தேன். விருந்துக்கு வந்த நால்வரும் நாகரிகமாக மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் நார் உருண்டைகள்!

அன்றைக்குப் புரிந்தது, இந்தக் காயில் உரிப்பதுதான் சமையல். மற்றதெல்லாம் பூண்டு, எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். அதனால் உரிப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் தீயைக் குறைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து, தோலையும் அதிலேயே போட்டுவிடுங்கள். வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். வெட்டிய காயும் கறுக்கும், கையும் கறுக்கும். இனி வெளி இதழ்களைக் கீழ்நோக்கி இழுத்து ஒடியுங்கள். கரும்பச்சை போய் வெளிர்மஞ்சள் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் ஒரு சுற்று உரியுங்கள். உச்சியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறியுங்கள். தண்டை மட்டும் எறியாதீர்கள். அதன் மேல்தோலைச் சீவினால் உள்ளே இருக்கும் வெளிறிய பகுதிக்கு மொட்டின் அடிப்பாகத்தின் அதே ருசி. அப்புறம் நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால், நடுவில் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். இத்தாலியர்கள் அதைத் தாடி என்கிறார்கள். தொண்டையில் மாட்டும், கரண்டியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிஞ்சுக் காயில் அது இருக்காது.

மூன்று காய் உரித்தால் குப்பைதான் மலைபோல் குவியும், காய் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பயப்படாதீர்கள், சரியாகத்தான் உரித்திருக்கிறீர்கள். ரோமின் கம்போ தே ஃபியோரி சந்தையில் வியாபாரிகள் சின்னக் கத்தியோடு இதே வேலையைச் செய்து, உரித்த காயாகவே விற்கிறார்கள். அங்கே கிடைக்கும் ரோமனெஸ்கோ வகை உருண்டையானது, முள் இல்லாதது. சார்தீனியத் தீவின் வகையில் இதழ் நுனியில் முள் உண்டு, விரல் பத்திரம்.

சரி, இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். இரண்டு பேருக்கு மூன்று கூனைப்பூ, 200 கிராம் ஸ்பகெட்டி. காயை மெல்லிசாக நறுக்குங்கள். அகலமான சட்டியில் தாராளமாக ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல். இரும்பும் அலுமினியமும் வேண்டாம், காயின் நிறம் கெட்டுவிடும். காயைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்கி, பாஸ்தா கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். ஸ்பகெட்டி முழுதாக வேகும் முன்பே எடுத்து இதில் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு பெக்கோரினோ துருவிப் போடுங்கள். அது செம்மறியாட்டுப் பாலில் செய்கிற, உப்புக் கூடிய சீஸ். அதனால் உப்பில் கை அடக்கம் தேவை. இதில் க்ரீம் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஊற்றுவதில்லை. கூனைப்பூவின் லேசான கசப்பு அதில் மூழ்கிப்போகும், பிறகு எதற்கு அத்தனை உரித்தோம்?

பாஸ்தா வேண்டாம் என்கிற நாளில் நான்கு முட்டை போதும். இதே வதக்கலை அடித்த முட்டையில் கலந்து, சிறுதீயில் கனமாகச் சுட்டு எடுத்தால் ஃப்ரித்தாத்தா. மறுநாள் ஆறிய பிறகு ரொட்டிக்கு நடுவில் வைத்தும் சாப்பிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ரோம் பாணியில் முழுசாக வேகவைப்பது. காயைப் பிளக்காமல் நடுவை மட்டும் சுரண்டி, பூண்டு, பார்ஸ்லி, மென்தூச்சா என்கிற காட்டுப் புதினா, உப்பு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி உள்ளே அடைப்பார்கள். காட்டுப் புதினாவுக்குப் பதில் சாதாரணப் புதினா போதும். தண்டு மேலே பார்க்கும்படி தலைகீழாக, சாயாமல் நெருக்கமாக ஒரு பாத்திரத்தில் நிறுத்துங்கள். எண்ணெயும் தண்ணீருமாகப் பாதி உயரம் ஊற்றி, மூடி, சிறுதீயில் ஏறக்குறைய நாற்பது நிமிடம். சூடாகத்தான் பரிமாற வேண்டும் என்பதில்லை. மதியமே செய்து வைத்துவிட்டு, இரவு ஆறிய நிலையில் ரொட்டியோடு வைக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான விருந்து எனக்குத் தெரியாது.

ரோமின் யூதர் குடியிருப்பில் பிறந்த இன்னொரு வகையும் இருக்கிறது. எண்ணெயில் இரண்டு தடவை பொரிப்பார்கள், இதழெல்லாம் சாமந்திபோல் விரிந்து மொறுமொறுவென்று நிற்கும். அதை நான் உணவகத்தில் சாப்பிடுவதோடு சரி. வீட்டில் அவ்வளவு எண்ணெய் காய்ச்ச எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். இந்தக் காயில் சைனரின் என்றொரு பொருள் இருக்கிறது. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிப்பதுபோல, கூனைப்பூ சாப்பிட்டபின் குடிப்பதும் பலருக்கு இனிக்கும். ஒயினின் ருசி அதனால் குழம்பிப்போகும். அன்றைக்கு விலை கூடிய புட்டியைத் திறக்காதீர்கள். ஒரு குவளை பச்சைத் தண்ணீர் எடுத்துவையுங்கள், வந்தவர்கள் சர்க்கரை போட்டீர்களா என்று கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.