ஊர் காத்த ஒழுங்கு

நண்பர்களே, ஒரு சமூகம் சிதறிப் போகாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டால், 'போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது' என்பதுதான் உடனே வரும் பதில். 1651இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எல்லாரையும் அடக்கிவைக்கும் ஓர் அதிகாரம் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் மற்றவரோடு போரில் இருப்பார்கள். இந்த விளக்கம் எவ்வளவு குறைவானது என்பதை மகாராஷ்டிரத்தின் மகத் ஊரில் பார்க்கலாம்.

பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், பள்ளி எல்லாம் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டே மகத் நகராட்சியும் தன் சவ்தார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. சரி, அந்த மக்களால் தண்ணீர் எடுக்க முடிந்ததா? இல்லை. மாடு குடிக்கலாம், முஸ்லிம் எடுக்கலாம், கிறிஸ்தவர் எடுக்கலாம். இவர்கள் மட்டும் கூடாது. அரசு ஒன்றைச் சொன்னது, ஊர் வேறொன்றை நடத்தியது. அந்த ஒழுங்கைக் காவல் காத்தவர்கள் சீருடை போட்டவர்கள் அல்ல, ஊர்க்காரர்கள்தான்.

1927 மார்ச் 20 அன்று, மகத்தில் நடந்த மாநாட்டுக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. தடியோடு வந்த கும்பல் மாநாட்டுக்கு வந்தவர்களை அடித்தது. அப்புறம் 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

பொது நம்பிக்கையை ஒருவர் மீறும்போது மற்றவர்கள் கோபத்தோடு கூடித் தண்டிக்கிறார்கள், அந்தத் தண்டனையிலேயே அவர்களுடைய ஒற்றுமை இறுகுகிறது என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் விளக்கம். மகத் கும்பலை இது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் இங்கே எனக்கு அவரோடு பெரிய சண்டை உண்டு. யாருக்குப் பொதுவான நம்பிக்கை அது? கரையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அதில் என்ன பங்கு?

அந்த 1927இல் இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியின் சிறையில் இருந்தார் மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி. ஆள்பவர்கள் பலத்தால் மட்டும் ஆள்வதில்லை, கீழே இருப்பவர்களின் சம்மதத்தையும் உருவாக்கிக்கொள்கிறார்கள் என்று பின்னர் சிறைக் குறிப்புகளில் அவர் விரிவாக எழுதினார். குனிந்து தண்ணீர் அள்ளியவர்கள் அந்தச் சம்மதத்தைத்தான் ஊரறியத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கு அவ்வளவு அடி விழுந்தது அதனால்தான். ஒழுங்கு என்றாலே நல்லது என்று எண்ணும் பழக்கம் சமூகவியலிலும் உண்டு. அதற்கு முன் மகத் அமைதியாக இருந்த காலமெல்லாம் அந்த அமைதியின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று அந்தப் பழக்கம் கேட்பதே இல்லை.

ஆதிக்க சாதியினர் வழக்குப் போட்டார்கள். நினைவுக்கு எட்டாத காலம்தொட்டு இவர்களை விலக்கிவைப்பதுதான் ஊர் வழக்கம் என்று வாதாடினார்கள். அப்படியொரு தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தபோது, வருஷம் 1937 ஆகியிருந்தது.