பள்ளியை விட்ட பிறகு பூச்சி மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். பூச்சி மாத்திரை என்றாலே நமக்குக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வகுப்பிலேயே கொடுத்து, மென்று விழுங்கியாயிற்றா என்று ஆசிரியர் நின்று பார்ப்பார். பள்ளியை விட்டபின் அப்படிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? 18, 20, 25 வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மண் வழியாகத் தொற்றும் குடற்புழுக்கள் உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்று மூன்று வகை. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில துளிகளுக்கு மேல் இருக்காது. ஆனால் புழுக்கள் நிறையச் சேர்ந்து, மாதக்கணக்கில் தங்கிவிட்டால் இரத்தசோகை வந்துவிடும். மாதவிலக்கிலும் இரத்தம் இழக்கும் இளம்பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. பெரும்பாலும் வலி தெரியாது, காய்ச்சல் இருக்காது. படி ஏறினால் மூச்சு வாங்கும். புத்தகத்தை எடுத்தால் மனம் நிலைக்காது. வீட்டில் அதற்கு என்ன பெயர்? சோம்பேறித்தனம்!

இந்தப் பழிச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அமெரிக்காவின் தென்மாநில ஏழை விவசாயிகளை ஊரே சோம்பேறிகள் என்று ஏசியது. 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியல் அறிஞர், காரணம் அவர்கள் குணமல்ல, குடலில் இருக்கும் கொக்கிப்புழு என்றார். சோம்பல் கிருமி என்று பத்திரிகை தலைப்புப் போட்டது. 1909-இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுக்க, ஊர் ஊராக மருந்தகங்கள் வந்தன. அன்றைய மருந்து தைமால். முதல் நாள் இரவு பேதி உப்பு, காலையில் தைமால், பிறகு மறுபடியும் பேதி உப்பு! அந்தப் பாட்டையும் பட்டு மருந்து சாப்பிட்டவர்கள், கழிப்பறை இல்லாத அதே மண்ணுக்குத்தான் திரும்பினார்கள். புழுவும் திரும்பி வந்தது.

இன்றைக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே மாத்திரை. விழுங்குவது சுலபம், அடுத்த முறையும் விழுங்க வைப்பதுதான் கஷ்டம். மாத்திரை இன்று உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை வரப்போவதைத் தடுக்காது. அதனால்தான் தொற்று உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை, மிகுதியாக உள்ள இடங்களில் இரண்டு முறை. எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று தள்ளிப்போடும் தம்பி தங்கைகளுக்குத்தான் இதைத் திரும்பச் சொல்கிறேன்: வலி வராததால் புழு இல்லை என்று ஆகாது. போன முறை வயிறு பிசைந்தது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. லேசான குமட்டலும் வயிற்றுவலியும் பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும். புழு அதிகம் உள்ளவர்களுக்கே அவை கூடுதலாகத் தெரியும்.

எல்லாச் சோர்வுக்கும் புழுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தோடு இழந்த இரும்புச்சத்தைப் பூச்சி மாத்திரை திருப்பித் தராது; இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அதற்குத் தனி மருந்து எடுக்க வேண்டும். மனச்சோர்வு என்றால் அதற்கும் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கழிப்பறை பற்றியும் காலணி பற்றியும் நிறையப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை வேண்டாம். கர்ப்பமோ என்ற சந்தேகம் இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். வணக்கம்.