ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

[காட்சி: பெட்ரோல் பங்க். பம்பில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.]

வேளச்சேரியில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் தன் பெட்ரோல் காருக்குக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினார். எண்ணெய் தடவிய பருத்தித் துணி. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். மறுநாளே ஓடி வந்தார். "அண்ணா, பதினாலரை கொடுத்த வண்டி பதினேழு கொடுக்கிறது!"

"எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்றேன்.

"நூறு."

[காட்சி: வெள்ளைத் தாளில் கை கணக்குப் போடுகிறது.]

மைலேஜ் அளக்க டேங்கை நிரப்புங்கள், ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள், ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் டேங்க் நிரம்பிவிட்டது என்று யார் சொல்வது? பம்பின் நாசில்தான் சொல்கிறது. அதன் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் ஏறி வந்து அந்தத் துளையை மூடியதும் உள்ளே வால்வு விழுந்து ஓட்டம் நின்றுவிடும். வேகமாகப் பிடித்தால் நுரை பொங்கி, முன்னதாகவே நின்றுவிடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் அளவு மாறும். அரை லிட்டர் முன்பின் ஆவதற்கு இதுவே போதும்.

நூறு கிலோமீட்டருக்கு உண்மையில் 6.4 லிட்டர் ஆனது என்று வையுங்கள். மைலேஜ் 15.6. நாசில் அரை லிட்டர் முன்னதாக நின்றால் கணக்கில் 5.9 லிட்டர், மைலேஜ் கிட்டத்தட்ட 17. அரை லிட்டர் கூடுதலாகப் போனால் 6.9, மைலேஜ் 14.5. தம்பி சொன்ன இரண்டு எண்களும் வந்துவிட்டன, பார்த்தீர்களா? ஃபில்டரை நாம் இன்னும் தொடவே இல்லை. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

இதையே 500 கிலோமீட்டர் ஓட்டி 32 லிட்டர் போட்டால், அதே அரை லிட்டர் பிழை விடையை 15.4-க்கும் 15.9-க்கும் இடையில் அடக்கிவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன் நான்கு டேங்க், மாற்றிய பின் நான்கு டேங்க் ஓட்டுங்கள். அதே பங்க், அதே பம்ப், அதே டயர் காற்று. முதல் முறை நாசில் நின்றதும் நிறுத்திவிடுங்கள். "ரூபாயை முழுதாக்கிவிடட்டுமா சார்?" என்று பங்க் ஊழியர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் அது கொஞ்சம் தாராள மனசுக்காரர்.

[காட்சி: வரைபடம். ஃபில்டர், குழாய், த்ராட்டில் தகடு.]

சரி, காற்று தாராளமாகப் போனால் பெட்ரோல் மிச்சமாகாதா? வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைப் பாதி அடைத்துவிட்டு வாய்க்காலை அகலப்படுத்தினால் பாயும் தண்ணீர் கூடுமா? இன்ஜினுக்கு மடை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடு. ஒரே சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது பெரும்பகுதி மூடியே இருக்கிறது. காற்றைத் தடுப்பது அந்தத் தகடுதான். அதோடு ஒப்பிட்டால் ஃபில்டரின் தடை ஒன்றுமே இல்லை. மேலும், ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றைச் சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ப இன்ஜின் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வண்டிகளைச் சோதித்தது. கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகம் பிடிப்பதுதான் மந்தமானது. அழுக்கு ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்ற அறிவுரை கணினி இல்லாத கார்புரேட்டர் காலத்து அம்பாசடருக்குப் பொருந்தும்.

[காட்சி: திறந்த பானெட்.]

காரோடு வரும் கம்பெனி ஃபில்டர் பெட்டி முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொருத்திய கூம்பு, பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுக்கிறது. 30 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கிடைத்திருக்க வேண்டிய வலுவும் போயிற்று. கழுவிய பின் எண்ணெயை அதிகமாகத் தடவினால், சில கார்களில் காற்றளவுச் சென்சாரின் கம்பியில் அது படிந்துவிடும்.

கூம்போடு நான்கு டேங்க் முடிந்தது. தம்பியின் கணக்கு 15.5; பதினேழைக் காணோம். சத்தம் மட்டும் கம்பீரமாக இருக்கிறதாம், அது உண்மைதான். "குழாயைக் கீழே பம்பருக்குப் பின்னால் இறக்கினால் குளிர்ந்த காற்று வருமே, அண்ணா?" என்றார். வரும். நவம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீரும் அதே வழியாக வரும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இப்போது பழைய பெட்டியைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கு நடந்துகொண்டிருக்கிறார்.