மரச்சட்டத்தில் ஓடும் மோட்டார் வண்டி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வாகனங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எந்த வாகனமானாலும் பரவாயில்லை என்றார்கள். எனக்கோ ஒரே ஒரு வாகனந்தான் தெரியும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே காரின் அடியில் படுத்து எழும்பியவன் நான். அந்தக் கார் என் தகப்பனார் வாங்கிய மொறிஸ் மைனர் ட்ரவலர்.

சாதாரண மொறிஸ் மைனரை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கலியாண வீட்டு வாசலிலோ சந்தையடியிலோ அயல்வீட்டு மாமரத்தின் கீழோ அது நின்றிருக்கும். 1948இல் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் வடிவமைப்பில் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 1953இல் அதற்கு ஒரு ஸ்டேஷன் வாகன் உடன்பிறப்பு வந்தது, அதுவே ட்ரவலர். முன்பாதி அதே மைனர். முன்கதவுக்குப் பின்னால், வெளியே தெரியும் மரச்சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடு பொருத்திய நீண்ட கூடு இருக்கும். பின்புறத்தில் அலுமாரியைப் போல இரண்டு பக்கமும் விரியும் கதவுகள் இருக்கும். பின்னிருக்கையை மடித்துவிட்டால் வெங்காய மூட்டையும் ஏற்றலாம், விறகும் ஏற்றலாம். எங்கள் கார் ஒரு முறை பசுக்கன்றையும் ஏற்றியது, ஆனால் அந்தக் கதைக்கு இன்று போக மாட்டேன்.

அந்த மரத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதை அழகுக்காக ஒட்டியது என்றே நினைக்கிறார்கள். நேயர்களே, அந்த மரம் அலங்காரம் அன்று. இந்த உரை முடிவதற்குள் இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரின் பின்பாதியில் கூரையைத் தாங்குவதும், கதவுகளைத் தாங்குவதும், பக்கச் சுவர்களை நிமிர்த்தி வைத்திருப்பதும் அந்த மரந்தான். இங்கிலாந்தில் ட்ரவலருக்கும் ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், அதன் மரம் உக்கியிருந்தால், இரும்புச் சட்டம் துருப்பிடித்ததற்குச் சமமாக எண்ணி வாகனத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்தியது ஆஷ் என்ற மரம். கிரிக்கெட் ஆட்டத்தின் விக்கெட் தடிகளையும் வழமையாக அந்த மரத்திலேதான் செய்வார்கள். வளைந்துகொடுக்கும், அதிர்வைத் தாங்கும். ஆனால் ஈரத்தில் நின்றால் சீக்கிரம் உக்கிவிடும். ட்ரவலரின் பின்பாதியிலுள்ள பக்கக் கண்ணாடிகள் மேலும் கீழும் போவதில்லை, முன்னும் பின்னும் வழுக்குபவை. அவை ஓடும் தவாளிப்பில் மழைநீர் தங்கும். தங்கிய நீர் மெல்ல மெல்லக் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். ஒரு மாரி முடிந்து நான் பார்த்தபோது, அந்தத் தவாளிப்பில் பாசி படர்ந்து, மூலையில் கடுகளவு கன்று ஒன்று இரண்டு இலை விட்டிருந்தது. என் மனைவி அதற்குத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

நான் செய்த பெரும் பிழையை இப்போது ஒப்புக்கொள்கிறேன். போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்து, கொழும்பிலிருந்து உதிரிப் பாகங்கள் தடையின்றி வரத் தொடங்கிய காலம் அது. காரை ஒரு கராஜில் விட்டேன். இரண்டு கிழமையில் புதுக்காரைப் போலத் தந்தார்கள். மரமெல்லாம் வழவழப்பாகவும் கபில நிறத்தில் மினுமினுப்பாகவும் இருந்தது. ஆறு மாதம் கழித்து, அரிசி மூட்டை இறக்குவதற்காகப் பின்கதவைத் திறந்தபோது, கதவு பிணைச்சலோடு சேர்ந்து என் கையில் வந்தது. பிணைச்சலின் திருகாணிகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது, புட்டைப் பிழிந்தது போன்ற ஈரத் தூள்.

அன்று மாலை எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவரை அழைத்துவந்தேன். வண்டிலுக்குச் சில்லுச் செய்தவர், வள்ளத்துக்குப் பலகை போட்டவர், ஆனால் மோட்டார் வாகனத்தில் ஒரு நாளும் கை வைக்காதவர். அவர் காரைச் சுற்றி நடந்து, உளியின் பிடியால் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். நல்ல மரம் கணீரென்றது. உக்கின மரம் பூசணிக்காயைத் தட்டியதைப் போலச் சத்தம் தந்தது. அப்படிச் சத்தம் தந்த இடத்தில் பேனாக்கத்தியின் நுனியை அழுத்தினார். கத்தி பிடிவரை உள்ளே போனது. "தம்பி, உது மரமில்லை, பூச்சு" என்றார்.

கராஜ்காரர்கள் உக்கிய இடங்களைத் தோண்டி, பசையால் நிரப்பி, மேலே நிறம் பூசியிருந்தார்கள். பூச்சு உள்ளேயிருந்த ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிட்டது. ஆகவே இரண்டாவது முறையாகச் சொல்கிறேன்: அந்த மரம் அலங்காரம் அன்று. உக்கின பகுதியை வெட்டி எறிந்து, நல்ல மரத்தை வைத்து இணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எங்களுக்கு ஆஷ் மரம் கிடைக்கவில்லை. முதிரை பாரம் என்று சொல்லி, ஓடாவியார் பழைய வீட்டுக் கூரையின் தேக்கு வளையைத் தேர்ந்தெடுத்தார். பழைய சட்டத்தின் முனையையும் புதுச் சட்டத்தின் முனையையும் ஒரே சாய்வில் நீளமாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, நீருக்கு இளகாத பசையால் ஒட்டினார். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சீவிய முகத்தைத் தின்னரால் துடைத்து, துடைத்த கையோடு ஒட்டாவிட்டால் பிடிப்பு நிற்காது. மரத்தோடு மரம் சேரும் இடங்களில் வள்ளக்காரர் முறைப்படி பித்தளைத் திருகாணி போட்டார். அலுமினியத் தகட்டிலும் அதையே போடப் போனபோதுதான் நான் குறுக்கிட்டேன். பித்தளை தொட்டிருக்கும் அலுமினியத்தை எங்கள் உப்புக்காற்று அரித்துத் தின்றுவிடும். அங்கே துருவேறா உருக்குத் திருகாணி வேண்டும். அந்த மூன்று மாத வேலையில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரிடம் நான் கற்றது. இறுதியில் மரத்தின் நிறம் தெரியும் வார்னிஷ் மட்டும் பூசினோம். உள்ளே கறுப்பு ஏறினால் வெளியே தெரிய வேண்டும் அல்லவா?

மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்ததற்கு வருகிறேன்.

மொறிஸ் மைனர் ஒன்று தெருவோரத்தில் முன்சில்லு மடிந்து, முழந்தாளிட்ட ஆட்டைப் போல நிற்பதை நேயர்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் ஒரு மரை உண்டு. சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேதான் சில்லு திரும்புகிறது. அங்கே கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே கழலும் என்பது ஆண்டவன் செயல். கிறீஸ் துப்பாக்கியுடன் பத்து நிமிட வேலை. மாதம் ஒரு முறை செய்யுங்கள். பாரம் ஏற்றுகிற ட்ரவலருக்கு இதில் சலுகை இல்லை.

பிரேக்கும் அப்படித்தான். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன்சில்லு பிரேக் டிரம்மின் விட்டத்தை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருப்பித்தார்கள். அதற்கு முந்திய கார் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் மேம்பாடு அந்தப் பெரிய டிரம்மைத் தேடிப் போடுவதுதான்; வசதியுள்ளவர்கள் டிஸ்க் பிரேக் போடலாம். ஆனால் எதைப் போட்டாலும், நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்வழியில் எண்ணெய் போகிறது என்பதை மறவாதீர்கள். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. அந்த எண்ணெயை ஊற்றும் பாத்திரமோ சாரதியின் காலடியில், தரைவிரிப்புக்கும் மூடிக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை அறியாமலே காரை வாங்கி, காரை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. இக்காலக் கார்களில் பற்றறியின் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். மொறிஸ் மைனரில் நேர்முனை சேர்ந்திருக்கும். அதை நினையாமல் புது வானொலிப் பெட்டி ஒன்றை நான் பொருத்த, அது இரண்டு நிமிடம் இரைந்து, புகைந்து, அடங்கியது. வானொலியை எரித்தவனையே வானொலி நிலையத்தார் பேச அழைத்திருக்கிறார்கள். பின்னர் பற்றறியின் முனைகளையும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கொயிலின் இரண்டு வயர்களையும் மாற்றி, மின்சாரம் ஆக்கும் டைனமோவில் எஃப் என்று குறித்த முனையைப் பற்றறியின் உயிர்முனை வயரால் ஒரு கணம் தொட்டு அதன் திசையையும் மாற்றினேன். டைனமோவை எடுத்துவிட்டு இக்கால மின்னாக்கியான ஆல்ட்டனேற்றர் போடுவோர் முதலில் இந்த முனை மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் மூன்று விரல் காட்டுகிறார். எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் எஞ்சினை நான் கடைசியில் வைத்திருந்தேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் ட்ரவலரும் ஓடியது. யாழ்ப்பாணத்து மக்கள் போரால் ஊரோடு இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் இறுதியில் செம்மணி வெளியால், பதினொரு பேரும் ஒரு தையல் இயந்திரமுமாக, ஓர் இரவு முழுவதும் ஊர்ந்தது. அதை விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை. மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சினை வைத்திருப்பவர்கள், அதன் சுழல்தண்டைத் தாங்கும் பெயரிங்குகளைத் திறந்து பார்க்காமல் அதன்மேல் பணம் போட வேண்டாம். ஈயமற்ற பெற்றோலுக்கு வால்வு இருக்கைகளைக் கடினமான உருக்கில் மாற்றுங்கள். 1275 சிசி எஞ்சின் கிடைத்தால் அது அதே குடும்பம், அதிக வெட்டுக்கொத்து இல்லாமல் உட்காரும். ஆனால் பிரேக்கை மாற்றியபின்தான் அதைப் போடுங்கள், அதற்கும் முன்னர் மரத்தைத் தட்டிப் பாருங்கள், ஏனென்றால் மூன்றாவது முறையாக, அந்த மரம்... ஒரு விரல் காட்டுகிறார். கியர்ப்பெட்டியைப் பற்றி இன்னொரு நாள் அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.