இங்கிலாந்து கிராமத்து பப்பில் சைவ ரோஸ்ட்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் கிராமத்து பப்புக்குப் போய் ரோஸ்ட் சாப்பிடுவது பெரிய சுகம். அவனில் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவி எல்லாம் சேர்ந்த தட்டுதான் ரோஸ்ட். சைவ உணவுக்காரர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தட்டில் இறைச்சி இல்லை என்பதாலேயே அது சைவமாகிவிடாது. மேசையை முன்பதிவு செய்யும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி உருளைக்கிழங்கைப் பற்றி. பல சமையலறைகளில் அதை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோதான் வறுக்கிறார்கள். எண்ணெயிலும் அதே மொறுமொறுப்பு வரும். மாரிஸ் பைப்பர் என்ற உருளைக்கிழங்கு வகையை எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, நீரை வடித்து, விளிம்புகள் உதிரும்படி பாத்திரத்தோடு குலுக்கி, ஆவி அடங்கிய பிறகு சுடுஎண்ணெயில் போட்டு அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் சவசவவென்று ஆகிவிடும்.

ரோஸ்ட்டோடு வரும், இனிப்பில்லாத உப்பலான யார்க்ஷயர் புடிங்குக்கும் இதே கேள்விதான். முட்டை, பால், மைதா மூன்றையும் அளவுக் கோப்பையில் சம அளவு எடுத்துக் கரைக்கிறார்கள். குழித்தட்டில் எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாவு எழும்பாது. பாதியில் அடுப்பைத் திறந்தாலும் அமுங்கிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டியதுதான்.

இறைச்சிக்குப் பதிலாகக் கொட்டைகளில் செய்யும் நட் ரோஸ்ட்டிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். முட்டை வேண்டாம் என்றால் முட்டை, பால் எதுவும் சேராத வீகன் ரோஸ்ட் உண்டா என்று கேளுங்கள். வழக்கமான நட் ரோஸ்ட்டுக்கு 200 கிராம் கொட்டைகள், 100 கிராம் ரொட்டித்தூள், வதக்கிய வெங்காயம், 200 கிராம் காளான், சேஜ் இலை, இரண்டு முட்டை சேர்த்து, ரொட்டி அச்சில் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வேகவைப்பார்கள். காளானின் ஈரம்தான் அதற்கு உயிர். காளானைக் குறைத்தால் மரத்தூள் போல வறண்டுவிடும். பத்து நிமிடம் ஆறவிடாமல் வெட்டினால் துண்டு நிற்காது, உதிரும்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது கிரேவி. வழக்கமான கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்வது என்பதால், தனியாகச் சைவ கிரேவி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல சைவ கிரேவிக்கு வெங்காயத்தை அரைமணி நேரம் பொறுமையாகச் சிவக்கவிட்டு, ஒரு கரண்டி மாவு, அரை லிட்டர் காய்கறி வேகவைத்த சாறு, ஒரு தேக்கரண்டி மார்மைட் என்ற உப்பான ஈஸ்ட் பசை சேர்ப்பார்கள். வுஸ்டர்ஷயர் சாஸ் ஊற்றியிருந்தால் கவனம், அதில் நெத்திலி வகை மீன் உண்டு.

பாலாடைக்கட்டி சாஸில் சுட்ட காலிஃபிளவர் சீஸில் பார்மசான் என்ற பாலாடைக்கட்டியைத் தூவியிருந்தால் அதுவும் ஆகாது. அந்தப் பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கிறார்கள். செடார் வகைப் பாலாடைக்கட்டி என்றால் பெரும்பாலும் பயமில்லை, இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏல் என்ற பீர் வகைகள் பலவற்றைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் வீகன் என்று குறித்த பீரைக் கேட்கலாம்.

இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிளும் சூடான கஸ்டர்டும் அருமை. உலர்திராட்சை சேர்த்து ஆவியில் வேகவைக்கும் ஸ்பாட்டட் டிக் என்ற புடிங்கைக் கேட்பதற்கு முன் மாட்டுக் கொழுப்பா, காய்கறிக் கொழுப்பா என்று விசாரித்துவிடுங்கள்.